பத்தொன்பதில் ஐந்து

வெயிலுக்குப் பதினொன்று, மழைக்கு எட்டு.
பத்தொன்பது படலங்களைத் தரவிறக்கி வைத்திருக்கிறேன்.
ஒவ்வொன்றிலும் திருகோணமலை
வேறு வேறு நிறத்தில் படுத்திருக்கிறது,
ஒரு காலைக் கடலுக்குள் விட்டபடி.

எல்லாவற்றையும் போடக் கூடாது.
போட்டால் மாதிரி,
மனப்பாடம் செய்த பிள்ளையைப் போல
கேட்டதைக் கேட்டபடி கேட்டால்தான் சொல்லும்.
மாற்றிக் கேட்டால் முழிக்கும்.

ஆண்டுச் சராசரி வெப்பத்துக்கும்
குளிர்மாத வெப்பத்துக்கும்
இணைபு, புள்ளி ஒன்பது நான்கு.
கலியாண வீட்டில் ஒரே கதையைச் சொல்லும்
இரண்டு சகோதரர்கள்.
ஒருவரை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.
யாரை?
அழுங்கைக் கேட்கலாம் என்றால்
தொட்டதும் அது உருண்டு
தன்னையே பூட்டிக்கொள்கிறது.

கன்னியாவில் ஏழு கிணறுகள்.
ஒன்றின் நீரைக் குழந்தைக்கு வார்க்கலாம்,
பக்கத்துக் கிணற்றில் வாளியைப் போட்டுவிட்டுத் துள்ளுவார்கள்.
ஏழும் என் படத்தில் ஒரே சதுரம்.
சதுரத்துக்கு ஒரே எண்:
இருபத்தெட்டுப் புள்ளி ஒன்று.

கச்சான் காற்றுக்குப் படலமே இல்லை.
உதட்டைத் தோலாக்கி
சாம்பல்தீவுப் பாலத்தில் மோட்டசைக்கிளைச் சரிக்கிற அது
வருடச் சராசரிக்குள் விழுந்து,
மார்கழி மழையோடு கைகுலுக்கி,
மிதமான ஆளாக வெளியே வருகிறது.

கறையானுக்கும் இல்லை.
அழுங்கு தின்பது அதைத்தான்.
செய்மதி புற்றுக்குள் எட்டிப்பார்ப்பதில்லை.
ஆகவே மண்ணில் மணல் எவ்வளவு,
மரநிழல் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு தூரம்...
பசிக்குப் பதிலாகக்
கையெழுத்துப் போட வந்த ஆட்கள்.

முதல் ஓட்டத்தில் புள்ளி ஒன்பது ஒன்று.
தேத்தண்ணி ஊற்றிக் கொண்டாடினேன்.
எந்த மாறி இவ்வளவு வேலை செய்தது என்று பார்த்தால்
‘றோட்டிலிருந்து உள்ள தூரம்’.
அழுங்குக்குத் தார்றோட்டு என்றால் உயிராம்.
நிலாவெளியிலிருந்து புல்மோட்டை வரை
கறுப்புக் கோட்டைக் கட்டிப்பிடித்தபடி
அத்தனை புள்ளிகளும்.

சஜாத்துக்குப் போன் எடுத்தேன்.
“எங்கயாவது இறங்கிப் பாத்தீங்களா?”
“இறங்கினா பைக்க ஆரு பாக்கிற, மிஸ்?”

நான் வரைந்தது அழுங்கின் நாடு இல்லை.
சஜாத்தின் பெற்றோல் செலவு.

றோட்டை விட்டு விலகினால் சில இடங்களில்
காடு இருக்கிறது. கம்பியும் இருக்கிறது.
கம்பியில் மண்டையோடு வரைந்த
சிவப்புப் பலகை ஒன்று, வெயிலில் ரோசாவாகி.
அதற்கு அப்பால் யாரும் புள்ளி வைக்கவில்லை.
புள்ளி இல்லாத இடத்தை மாதிரி
‘இல்லை’ என்று வாசிக்கிறது.
அப்படி வாசிக்கப்பட்ட வேறு பட்டியல்களைப் பற்றி
இந்த அறிக்கையில் எழுத இடமில்லை.

மாறிகளின் அட்டவணையில் ஒரு வரி சேர்த்தேன்:
கம்பிவேலியிலிருந்து உள்ள தூரம்.
அந்தப் படலம் என்னிடம் இல்லை.
வைத்திருப்பவர்கள் தரமாட்டார்கள்.
வரியை அழிக்கவில்லை,
வெறும் கட்டங்களோடு விட்டேன்.

கடைசியில் ஐந்து.
மாரி மழை, வறள்காலத்து வெப்பம், மணல், மரம், நீர்.
றோட்டை வெளியே எடுத்தேன்.
பின்னணிப் புள்ளிகளையும்
சஜாத் ஓடிய பாதையிலேயே தூவினேன்,
அவன் போகாத இடத்தை
அழுங்கு இல்லாத இடமென்று மாதிரி நினைக்காதிருக்க.

புள்ளி ஏழு மூன்று.

இரவு திரியாய்ப் பக்கமிருந்து ஒரு படம் வந்தது.
பைக்கைப் பாலைமரத்தோடு சங்கிலி போட்டுவிட்டு
ஒன்றேகால் கிலோமீற்றர் நடந்திருக்கிறான்.
கலங்கல் படம். புதிதாய்க் கிண்டிய வளை,
வாசலில் ஈரமண்,
அளவுக்கு வைத்த ஒற்றைச் செருப்பு.

என் வரைபடம் அந்தச் சதுரத்துக்கு
வெளிர்மஞ்சள் அடித்திருந்தது: வாய்ப்புக் குறைவு.

புள்ளியை வைத்தேன். திரும்ப ஓடவிட்டேன்.
எண் இன்னும் இறங்கும்.
இறங்கட்டும்.